மில் கொடுத்த வீடு: கரோலினா பஞ்சாலைக் கிராமங்களைப் பற்றி

செம்மண்_சாலை (இழையைத் தொடங்கியவர்)

ஒன்பது ஆண்டுகளாக ஷார்லட்டில் இருக்கிறேன். போன சனிக்கிழமை அலுவலக நண்பர் ஒருவர் புது வீட்டுக்குக் குடிபோனதற்கு விருந்து வைத்தார். இங்கிருந்து மேற்கே அரை மணி நேரப் பயணம், கேஸ்டோனியா. வீடு என்றால் தனி வீடு இல்லை. லோரே மில் என்ற பழைய நூற்பாலையை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றியிருக்கிறார்கள். செங்கல் சுவரைப் பூசாமல் விட்டு, இரண்டு ஆள் உயரத்துக்கு ஜன்னல் வைத்து, அந்தப் பழமைக்கும் சேர்த்தே வாடகை வாங்குகிறார்கள்.

சாப்பிட்டுவிட்டுக் காலாற நடந்தேன். மில்லைச் சுற்றி ஒரே அச்சில் வார்த்தது போன்ற சிறு மரவீடுகள், முன்னால் ஒரு திண்ணை, பின்னால் கொஞ்சம் நிலம். ஒரு திண்ணையில் எண்பதைத் தாண்டிய அம்மாள் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னதும் உட்காரச் சொல்லிவிட்டார். அவருடைய பாட்டி, அம்மா, அவர் என்று மூன்று தலைமுறை இதே மில்லில் வேலை பார்த்தவர்கள். ராத்திரி கதவைப் பூட்டியதே இல்லையாம். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் நான்கு வீட்டிலிருந்து சாப்பாடு வந்துவிடுமாம். கிறிஸ்துமஸுக்கு மில்லில் பிள்ளைகளுக்குப் பை நிறையப் பழம் கொடுப்பார்களாம். "நாங்கள் ஏழைகள் என்பதே எங்களுக்குத் தெரியாது, எல்லாரும் ஒரே மாதிரி இருந்தோமே" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். 1929 வேலைநிறுத்தத்தைப் பற்றி வீட்டில் பேசுவார்களா என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் ஐஸ் தேநீர் கொண்டுவந்தார். பிறகு தக்காளிச் செடிகளைப் பற்றிப் பேசினோம்.

படித்தவரைக்கும் அந்த ஊர்களின் கதை கொடுமையானது. வாழ்ந்தவர் அதை இனிக்க இனிக்கச் சொல்கிறார். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஏழாம்_எண்_தறி

அந்த வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருந்தது என்று கேட்டீர்களா? அங்கிருந்து தொடங்குங்கள்.

1900ஆம் ஆண்டில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பஞ்சாலைத் தொழிலாளர்களில் நூற்றுக்கு 92 பேர் முதலாளிக்குச் சொந்தமான ஊரில்தான் குடியிருந்தார்கள். தெரு, கிணறு, பள்ளிக்கூடம், மளிகைக்கடை எல்லாம் மில்லுடையவை. பல ஊர்களில் பாதிரியாரின் சம்பளத்திலும் மில்லுக்குப் பங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இது உள்நாட்டுப் போருக்கு முன்பே தொடங்கிய ஏற்பாடு. தென் கரோலினாவில் வில்லியம் கிரெக் 1845இல் கிரானைட்வில் ஆலையைத் தொடங்கியபோதே ஆலையோடு ஊரையும் சேர்த்துத்தான் கட்டினார். 1880க்குப் பிறகு வர்ஜீனியாவிலிருந்து அலபாமா வரை செம்மண் மேட்டுநிலம் முழுக்க, ஆறு விழும் இடங்களிலும் ரயில் போன வழியிலும் அதே படம் திரும்பத் திரும்ப எழுந்தது.

வாடகை மலிவுதான். அறைக்கு வாரம் 25 சென்ட் என்பது பல ஊர்களில் இருந்த கணக்கு. மலிவுக்கு என்ன விலை என்றால், அறைக்கு ஓர் ஆள் மில்லுக்கு வர வேண்டும். நான்கு அறை வீட்டுக்கு நான்கு ஆள். அப்பா, அம்மா இருவர். மீதி இரண்டு பேர் யார்?

1929இல் நடந்ததையும் சொல்கிறேன், அந்த அம்மாள் சொல்லாததை. லோரே மில்லில் ஒரு புது நிர்வாகி வந்து 3,500 பேர் செய்த வேலையை 2,200 பேரைக் கொண்டு செய்ய வைத்தார். ஏப்ரல் 1 அன்று தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் வேலைநிறுத்தக்காரர்களை வீடுகளைவிட்டு வெளியேற்றினார்கள். கட்டில், அடுப்பு, குழந்தைத் தொட்டில் எல்லாம் தெருவில் கிடந்தன. சங்கம் கூடாரம் அடித்துக் கொடுத்தது, பல குடும்பங்கள் அதில் இருந்தன. ஜூன் 7 இரவு காவலர்கள் அங்கே வந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்து காவல்துறைத் தலைவர் ஆடர்ஹோல்ட் இறந்தார்.

கதவைப் பூட்டவில்லை என்றாராம். பூட்டினால் மட்டும் என்ன, சாவி மில் அலுவலகத்தில் இருந்தது.

பழைய_சைடர்

தம்பிகளுக்கு வணக்கம். நான் கோயம்புத்தூரில் ரிங் ஃபிரேமில், அதாவது நூல் நூற்கும் எந்திரத்தில், 31 ஆண்டுகள் சைடராக இருந்து ஓய்வு பெற்றவன். அமெரிக்கா பார்த்ததில்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு படம் பார்த்திருக்கிறேன், பேரன் காட்டினான். 1908 டிசம்பரில் லூயிஸ் ஹைன் என்பவர் வட கரோலினாவில் விட்னெல் என்ற ஊரின் ஆலையில் எடுத்தது. ஃபிரேமுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். அவள் உயரம் 51 அங்குலம் என்று அவரே குறித்து வைத்திருக்கிறார். நான்கு சைடு பார்த்தாளாம், நாளுக்கு 48 சென்ட் கூலியாம். வயது கேட்டதற்கு முதலில் நினைவில்லை என்றவள், பிறகு மெல்ல, வேலை செய்யும் வயது எனக்கு இன்னும் வரவில்லை, ஆனாலும் செய்கிறேன் என்றாளாம்.

எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். நான் பார்த்தது அந்த "நான்கு சைடு" என்ற குறிப்பை. அது எங்கள் சொல். ஃபிரேமின் ஒரு பக்க வரிசைக்குத்தான் சைடு என்று பெயர், அதைப் பார்ப்பவன் சைடர். கடல் தாண்டி எங்கோ ஒரு பெண் பிள்ளைக்கும் எனக்கும் ஒரே உத்தியோகப் பெயர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான்கு சைடு என்றால் என்ன என்று நூற்பாலைக்குள் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். இழை எங்கே அறுகிறதோ அங்கே போய் சுழலும் பாபினைக் கையால் நிறுத்தி, அறுந்த முனையை எடுத்து மேலே வரும் பஞ்சிழையோடு சேர்த்துவிட வேண்டும். சேர்த்து நிமிர்வதற்குள் அந்தக் கோடியில் இன்னொன்று அறுந்திருக்கும். நடை, நடை, நடைதான். உட்கார்ந்தால் மேஸ்திரி வருவார். ஜன்னலைத் திறக்க முடியாது, காற்று காய்ந்தால் இழை அறும். அதனால் உள்ளே ஈரமும் புழுக்கமும்தான். பஞ்சு பறந்து தலையிலும் புருவத்திலும் ஒட்டும். அங்கே நகரத்து ஆட்கள் இவர்களைப் "பஞ்சுத்தலை" என்று ஏசினார்களாம். பேரன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது.

டாஃபர் பையன்கள் கதை கொஞ்சம் வேறு. நிறைந்த பாபினைக் கழற்றி வெறும் பாபினை மாட்டிவிட்டால் அடுத்த டாஃப் வரை அவர்களுக்கு ஓய்வு. அங்கே அந்த நேரத்தில் பிள்ளைகள் வெளியே ஓடிப் பந்தாடியிருக்கிறார்கள், ஆற்றில் குளித்திருக்கிறார்கள். அதனால் அந்தக் காலத்தைச் சிரித்துக்கொண்டே நினைக்கிற கிழவர்கள் இருப்பார்கள். அது பொய் ஆகாது. ஏழாம் எண் தம்பி, மில்லில் இருந்தவர்கள் ஏமாளிகள் போல எழுதாதீர்கள்.

செம்மண் தம்பிக்கு ஒரு வேலை. உங்கள் நண்பர் வீட்டுத் தரை பழைய மரத்தரைதானா? அப்படியானால் போல்ட் அடித்த துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

ஏழாம்_எண்_தறி

ஐயா, ஏமாளிகள் என்று நான் சொல்லவில்லை. அப்படித் தொனித்திருந்தால் மன்னிக்கவும்.

ஆனால் அந்த 51 அங்குலப் பெண்ணை விட்டுவிட முடியாது. 1880 முதல் 1910 வரை தென்மாநில ஆலைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பதினாறு வயது ஆகாதவர். 1916இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வேலை செய்த ஆலையின் சரக்கு மாநில எல்லையைத் தாண்டக் கூடாது என்றது. ஷார்லட்டில், செம்மண்_சாலை இருக்கும் அதே ஊரில், டேகன்ஹார்ட் என்ற ஆலைத் தொழிலாளி தம் இரு பையன்களின் வேலையைக் காப்பாற்றச் சொல்லி வழக்குப் போட்டார். பெயர்தான் அவருடையது, வழக்கின் பின்னால் நின்றவர்கள் ஆலை முதலாளிகள். 1918இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று சட்டத்தைத் தள்ளியது. சில ஆண்டுகள் கழித்து ஒரு பத்திரிகையாளர் அந்தப் பையன்களில் ஒருவரான ரூபனைத் தேடிப் போனார். வளர்ந்த ஆள், எடை 105 பவுண்டு, படிப்பு இல்லை. அந்த வழக்கில் தோற்றிருந்தால் நன்றாக இருந்திருப்பேன் என்றார்.

அல்லி_72

நான் தென் கரோலினாவில் கிரீன்வில்லில் இருக்கிறேன். இங்கே பழைய மில் ஊர்கள் ஊரைச் சுற்றி மாலை கோத்தது போல இருக்கின்றன. நூலகத்தில் தன்னார்வலராகப் போவதால் பழைய தொழிலாளர்களின் வாய்மொழிப் பதிவுகள் நிறையக் கேட்டிருக்கிறேன். அதை வைத்து எழுதுகிறேன்.

இவர்கள் மில்லுக்கு எங்கிருந்து வந்தார்கள் என்பதை விட்டுவிட்டுப் பேசினால் எதுவும் விளங்காது. பிறர் நிலத்தில் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரமுறையில் பருத்தி விதைத்தவர்கள். விதைக்கும் உரத்துக்கும் கடைக்காரரிடம் கடன், விளைச்சல் வருமுன்பே அது கடைக்காரருக்கு அடமானம். 1890களில் பருத்தி பவுண்டு ஐந்து சென்ட் அளவுக்கு விழுந்தது. ஆண்டு முழுக்க உழுதும் கையில் காசு பார்க்காதவர்களுக்கு மில்லில் வாராவாரம் ரொக்கம் என்பது எவ்வளவு பெரிது? அதிலும் கணவனை இழந்த பெண்கள். நிலத்தில் ஆண் இல்லாத குடும்பத்தை யார் வாரத்துக்குச் சேர்ப்பார்கள்? மில் சேர்த்துக்கொண்டது. பிள்ளைகள் அதிகம் என்பது நிலத்தில் வாய், மில்லில் கை. அந்தக் கணக்குக் கொடுமையானதுதான், ஆனால் அந்தத் தாய்க்கு வேறு கதவு திறக்கவில்லை.

வந்தவர்கள் கிராமத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் தோட்டம், ஒரு பன்றி, முடிந்தால் ஒரு மாடு. யாருக்காவது கை முடியவில்லை என்றால் அக்கம்பக்கத்தார் ஆளுக்கு ஒரு பவுண்டு மாவோ சர்க்கரையோ காப்பித்தூளோ கொண்டுபோய்த் திண்ணையில் வைப்பார்கள். இதை மில் ஏற்பாடு செய்யவில்லை. செம்மண், உங்கள் அம்மாள் சொன்ன சாப்பாடும் அடுத்த வீட்டு அடுப்பிலிருந்துதான் வந்தது. நன்றி போக வேண்டிய இடம் அது.

பந்தாட்டமும் உண்டு. சனிக்கிழமை மதியம் மில்லுக்கு மில் பேஸ்பால் போட்டி, ஊரே திரளும். ஷூலெஸ் ஜோ ஜாக்சன் எங்கள் ஊர் பிராண்டன் மில் பிள்ளை. சிறுவனாகவே மில்லுக்குள் போனார், பதின்மூன்று வயதில் மில் அணியில் பெரியவர்களோடு ஆடினார். பள்ளிக்கூடம் போகாததால் கடைசி வரை எழுதப் படிக்கத் தெரியாது. நாடே கொண்டாடிய ஆட்டக்காரர், உணவகத்தில் பட்டியலைப் படிக்கத் தெரியாமல் பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்கிறாரோ அதையே தனக்கும் சொல்வாராம். எங்கள் ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது.

வெண்தாழை

குறுக்கே வருகிறேன், மருத்துவர் என்ற முறையில். அல்லி அக்கா தோட்டம், மாடு என்று எழுதியிருக்கிறார். அது இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் நடுவில் ஒரு நோய் இருந்தது. பெலாக்ரா. தோல் வெடித்து, வயிறு போய், கடைசியில் புத்தி பேதலிக்கும். தென்மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கிருமி என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். அரசு பொதுச் சுகாதாரத் துறையின் ஜோசப் கோல்ட்பெர்கர், பொருளியல் தெரிந்த சைடன்ஸ்ட்ரிக்கர் என்பவரைச் சேர்த்துக்கொண்டு, 1916இல் தென் கரோலினாவில் ஏழு மில் ஊர்களை எடுத்தார். வீடு வீடாகப் போய், பதினைந்து நாளைக்கு என்ன வாங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு வருமானம் என்று எழுதினார்கள். கழிப்பிடம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக்கூட விடவில்லை. வருமானம் குறையக் குறைய நோய் ஏறியது. பால், இறைச்சி, காய் கிடைத்த வீட்டில் நோய் இல்லை. மக்காச்சோள மாவு, பன்றிக்கொழுப்பு, வெல்லப்பாகு மட்டும் தின்ற வீட்டில் இருந்தது. வசந்தத்தில், குளிர்காலம் வெறும் மாவில் கழிந்த பிறகு, அது வெளியே தெரியும்.

சந்தேகப்பட்டவர்களுக்குக் கிருமி இல்லை என்று காட்ட, நோயாளியின் இரத்தத்தைத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். அவர் மனைவியும் ஏற்றிக்கொண்டார். எதுவும் ஆகவில்லை. காரணப் பொருள் நயாசின் என்று 1937இல்தான் தெரிந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. தென்மாநிலத் தலைவர்கள் பலருக்கு அவர்மேல் கோபம், எங்கள் மக்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறானே என்று. (தக்காணத்தில் வெறும் சோளமே உண்டவர்களிடம் இதே நோயைக் கண்டதை நாங்கள் மருத்துவக் கல்லூரியில் படித்தோம்.)

பழைய சைடர் ஐயாவிடம் ஒரு கேள்வி: விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் உங்களுக்கு நெஞ்சு இறுகுமா?

பழைய_சைடர்

எனக்கு அவ்வளவு இல்லை அம்மா. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் கார்டிங்கிலும் புளோ ரூமிலும் இருந்தவர்களுக்கு உண்டு. திங்கட்கிழமை மூச்சு வாங்கும், புதன் ஆனால் சரியாகிவிடும். பழகிவிட்டது என்போம்.

வெண்தாழை

பழகவில்லை ஐயா, நோயின் முதல் கட்டமே அதுதான். பிசினோசிஸ், பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோய். கரோலினாவில் அதற்குப் பழுப்பு நுரையீரல் என்று பெயர் வைத்துப் போராடினார்கள், நிலக்கரிச் சுரங்கத்தின் கருப்பு நுரையீரலைப் போல. சிகரெட்டால் வந்தது என்று ஆலைகள் பல ஆண்டுகள் தட்டிக்கழித்தன. 1975இல் மூச்சுத் திணறும் ஓய்வு பெற்றவர்களே சேர்ந்து பழுப்பு நுரையீரல் சங்கம் தொடங்கினார்கள். படி ஏற முடியாதவர்கள் அரசு விசாரணைகளுக்குப் போய்ச் சாட்சி சொன்னார்கள். 1978இல் நூற்புப் பகுதிக் காற்றில் கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத்தூசி கூடாது என்று விதி வந்தது. ஆலை முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1981இல் தோற்றார்கள்.

ஏழாம்_எண்_தறி

இதுவரை எழுதியதில் ஒரு கூட்டத்தையே காணோம், கவனித்தீர்களா? "எல்லாரும் ஒரே மாதிரி இருந்தோம்" என்றாரே அந்த அம்மாள். அந்த எல்லாருக்குள் கறுப்பர்கள் இல்லை. 1915இல் தென் கரோலினா ஒரு சட்டம் போட்டது: பஞ்சாலையில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் வேலை செய்யக் கூடாது, ஒரே வாசல், ஒரே படிக்கட்டு, ஒரே குடிநீர் வாளி கூடாது. ரிங் ஃபிரேமும் தறியும் வெள்ளையருக்கு. பஞ்சுப் பொதி உடைப்பது, முற்றத்தில் சுமப்பது, துப்புரவு ஆகியவை கறுப்பு ஆண்களுக்கு. கறுப்புப் பெண்களுக்கு மில்லில் துடைப்பம் தவிர எதுவும் இல்லை. அந்தச் சிறு மரவீடுகளில் தாய்மார் ஷிப்டுக்குப் போனபோது குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களில் பலர் அவர்கள். ஏழைக்குக் கீழே ஏழை. 1964 குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிறகுதான் கதவு திறந்தது. திறந்த பிறகு அந்த ஆலைகள் எத்தனை ஆண்டு ஓடின என்பது வேறு கணக்கு.

செம்மண்_சாலை

இதோடு சேரும் ஒன்று. நான் தேடிப் படித்தவரை, 1929இல் இந்த வரம்பை மீறிய ஒரு பெண் இருந்திருக்கிறார். எலா மே விக்கின்ஸ். பெசமர் சிட்டியில் நூற்பவர். மில் ஊரில் குடியிருக்காமல் ஸ்டம்ப்டவுன் என்ற கறுப்பர் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தார். அண்டை வீட்டார் எல்லாரும் கறுப்பர்கள், இவர் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது அவர்கள்தான். ஒன்பது பிள்ளைகள் பெற்றார், நான்கு பேர் இறந்துபோனார்கள். கக்குவான் இருமலில் பிள்ளைகள் கிடந்தபோது பகல் ஷிப்டுக்கு மாற்றுங்கள், ராத்திரி நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டார். மாற்றவில்லை. வேலையை விட்டார், மருந்துக்குக் காசில்லை. கூட்டங்களில் பாட்டுக் கட்டிப் பாடினார், கறுப்பர்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று வாதாடினார். 1929 செப்டம்பர் 14 அன்று ஒரு லாரியில் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கும்பல் வழிமறித்துச் சுட்டதில் இறந்தார். பட்டப்பகல். குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரும் விடுதலை.

எனக்கு உறுத்துவது அந்தப் பகல் ஷிப்ட். சம்பளம்கூட இல்லை, நேரத்தை மாற்றுங்கள் என்றுதானே கேட்டார்.

கரூர்க்காரன்

வணக்கம். நான் கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியில் இருக்கிறேன். துண்டு, விரிப்பு, சமையலறைத் துணி. உங்கள் கதையின் கடைசி அத்தியாயத்தில் எங்களுக்கும் ஒரு வரி உண்டு. ஷார்லட்டுக்கு வடக்கே கனாபொலிஸ் என்ற ஊர், கேனன் மில்ஸ் துண்டுகளால் உலகம் முழுக்கத் தெரிந்தது. ஊர் மொத்தமும் ஒரே குடும்பத்தின் கம்பெனிக்குச் சொந்தம். 1984 வரை அது சட்டப்படி நகரமாகக்கூட இல்லை. ஆலை கை மாறிக் கை மாறிக் கடைசியில் 2003 ஜூலை 30 அன்று மூடியது. வட கரோலினாவில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 4,800 பேர் வேலை இழந்தார்கள். அந்த மாநிலத்தில் அதுவரை அப்படி ஒன்று நடந்ததில்லை. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி இறக்குமதி செய்யலாம் என்று வரம்பு வைத்த ஜவுளி ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரி 1 அன்று முடிந்தது. எங்கள் தெருவில் புதுத் தறிகள் இறங்கியதும் அந்த ஆண்டுகளில்தான். அங்கே தள்ளிவிட்ட எந்திரம் இங்கே வந்தது என்று எங்கள் ஃபிட்டர் ஒருவர் சொல்வார், மெய்யோ பொய்யோ.

"தங்க இடம் தருகிறோம், பிள்ளையை அனுப்புங்கள்" என்பதும் நமக்குப் புதிது இல்லை. மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கி நூற்றால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிப் பெண்களை அழைத்துப்போன சுமங்கலித் திட்டம் நம் பக்கத்து ஆலைகளில் நடந்ததுதானே. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி போனாள். ஞாயிற்றுக்கிழமை கேட் வரை வரலாம், அதற்கு மேல் இல்லை.

மட்டுறுத்துநர்

கரூர்க்காரன், முக்கியமான விஷயம், தனி இழை தொடங்குங்கள், நானே மேலே பொருத்துகிறேன். இங்கே கரோலினாவோடு நிற்போம்.

அல்லி_72

ஒருவரும் 1934ஐத் தொடவில்லையே. செம்மண் கேட்ட கேள்விக்கு, அந்த ஐஸ் தேநீருக்கு, பதில் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1933இல் ரூஸ்வெல்ட் அரசு பஞ்சாலைகளுக்கு விதி போட்டது. வாரம் 40 மணி நேரம், தெற்கில் குறைந்த கூலி 12 டாலர், பதினாறு வயதுக்குக் கீழே யாரும் கூடாது. அறுபது மணி நேரம் உழைத்தவர்கள் அவர் படத்தை வீட்டில் மாட்டி வைத்தார்கள். ஆலைகள் என்ன செய்தன? 60 மணி நேரத்தில் எடுத்த நூலை 40 மணி நேரத்தில் எடுத்தன. வேலைப்பளு என்பார்களே, அதுதான். ஆளுக்குத் தறியைக் கூட்டினார்கள், கடிகாரத்தோடு பின்னாலேயே ஆள் நின்றான், கழிப்பறை நேரத்தையும் கணக்கு எடுத்தான். தொழிலாளர்கள் வாஷிங்டனுக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். கோடு போட்ட தாளில் பென்சிலால், பிழையும் பணிவுமாக. புகாரை விசாரிக்கும் பொறுப்பில் ஆலைப் பக்கத்து ஆட்களே இருந்தார்கள்.

1934 செப்டம்பர் தொடக்கத்தில் நாடு முழுக்க ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் வெளியே வந்தார்கள். தெற்கில் கார்களிலும் லாரிகளிலும் ஏறி ஆலை ஆலையாகப் போய் மூடச் சொன்னார்கள். செப்டம்பர் 6 காலை, இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஹனி பாத் என்ற சிற்றூரில், சிக்கோலா மில் வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஏழு பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதுகில் குண்டு வாங்கியவர்கள். ஊர் மேயர் யார் என்றால் அதே மில்லின் நிர்வாகி. அடக்கத்துக்குப் பத்தாயிரம் பேர் திறந்த வெளியில் நின்றார்கள். ஜார்ஜியாவில் ஆளுநர் டால்மட்ஜ் இராணுவச் சட்டம் போட்டு, வேலைநிறுத்தக்காரர்களைக் கம்பி வேலிக்குள் அடைத்தார். மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்தது. திரும்பிப் போனவர்களில் பலருக்கு வேலை இல்லை, வீடும் இல்லை. பெயர் கருப்புப் பட்டியலில் ஏறிவிட்டால் அடுத்த ஊர் மில்லிலும் இடமில்லை.

சுட்டவர்களும் சுடப்பட்டவர்களும் ஒரே தெருக்காரர்கள், ஒரே தேவாலயத்தில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தவர்கள். மறுநாளும் அதே சங்கு ஊதியது, அதே வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். என்ன பேச முடியும்? பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் விட்டார்கள். அந்த மேயரின் சொந்தப் பேரனுக்கே அறுபது ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. அவர் பத்திரிகையாளர், முயற்சி எடுத்து அதை வெளியே கொண்டுவந்தவர்களில் ஒருவர். 1995இல்தான் ஏழு பெயர்களோடு ஒரு கல் நட்டார்கள்.

பழைய_சைடர்

அல்லி அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

ஏழாம் எண் தம்பி, இதைத்தான் நான் சொல்ல வந்து சொல்லத் தெரியாமல் விட்டேன். வீடு போகும் என்று தெரிந்தேதான் வெளியே வந்திருக்கிறார்கள். முன் வேலைநிறுத்தத்தில் கட்டில் தெருவில் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். எப்படி வந்தார்கள்? அடுத்த வீட்டுக்காரன் வருவான் என்று தெரியும், காய்ச்சலுக்குக் கஞ்சி கொடுத்தவனல்லவா. நகரத்தில் பத்து மைலுக்கு ஒருவனாகச் சிதறிக் கிடந்தால் ஒரே இரவில் சேதி போயிருக்குமா? ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மில்காரன்தான் திண்ணையோடு திண்ணையாகக் கட்டினான்.

ஏழாம்_எண்_தறி

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் சேர்க்க விடுங்கள்: அதை மில்காரனும் பிற்பாடு புரிந்துகொண்டான். 1930களின் நடுவிலிருந்து வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே தவணையில் விற்றார்கள். கார் வந்துவிட்டது, ஆள் எங்கிருந்தும் வருவான், ஊரைப் பராமரிக்கும் செலவு மிச்சம். அந்த அம்மாளின் திண்ணையும் அப்படி விலைக்கு வாங்கியதாகத்தான் இருக்கும்.

செம்மண்_சாலை

ஒரு வாரம் வர முடியவில்லை. இடையில் ஹனி பாத் போய்வந்தேன். சிறிய பூங்கா, கல் சாதாரணமாகத்தான் இருக்கிறது. நான் நின்ற அரை மணி நேரத்தில் ஒருவர் நாயோடு வந்தார், படித்தார், போனார். பெயர்களைப் படம் எடுத்துக்கொண்டேன்.

நேற்று அந்த அம்மாளைப் பார்த்தேன். படத்தைக் காட்டலாமா என்று தயங்கி, காட்டிவிட்டேன். கண்ணாடியை எடுத்து மாட்டி ஏழு பெயரையும் மெல்லப் படித்தார். அந்த ஊர் தனக்குத் தெரியாது என்றார். பிறகு அவராகவே சொன்னார்: சின்ன வயதில் ஒரு மாமாவின் பெயரை வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்களாம். அவர் எங்கே போனார் என்று கேட்டால், "அவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்தது" என்று பாட்டி சொல்வாராம். டெக்சாஸிலிருந்து ஒரு கடிதமும் வந்ததில்லையாம். அதற்கு மேல் அவருக்கே தெரியவில்லை. வீட்டைப் பற்றியும் கேட்டேன், ஏழாம் எண் சொன்னது சரிதான், அப்பா தவணையில் வாங்கியதாம். கடைசித் தவணை கட்டிய ரசீது இன்னும் அலமாரியில் இருக்கிறது, எடுத்துக் காட்டினார். வரும்போது தக்காளி கொடுத்தார்.

சைடர் ஐயா, தரையைப் பார்த்தேன். பழைய மரம்தான், மெருகு போட்டிருக்கிறார்கள். நீங்கள் சொன்னது போலவே துளைகள் இருக்கின்றன, வரிசையாக, மரக்கட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். அங்கங்கே எண்ணெய்க் கறை, அது போகவில்லை. காரணம் சொல்கிறேன் என்றீர்களே?

பழைய_சைடர்

அந்தத் துளை ஃபிரேம் காலை இறுக்கிய இடம் தம்பி. இரண்டு வரிசைத் துளைகளுக்கு நடுவில் சந்து. அந்தச் சந்தில்தான் நடை. துளையிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி தள்ளித் தரையில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாது. மெருகு போட்டாலும் பள்ளம் பள்ளம்தான். எங்கள் மில்லில் சிமென்ட் தரையே தேய்ந்தது. அங்கே மரம், வெறுங்காலோடு நடந்த பிள்ளைகள் வேறு.

செம்மண்_சாலை

சந்து இருக்கும் இடத்தில் இப்போது நண்பரின் சோபா கிடக்கிறது. அவர் ஊரில் இல்லை, வெள்ளிக்கிழமை வருகிறார். நகர்த்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.